ஏழு டிகிரிக்குக் கீழே

மார்ச் 23

இன்று கராஜைத் திறந்து, நீலக் காரோடு வந்த பழைய கோடை டயர்களை வெளியே உருட்டிப் பார்த்தேன். விற்றவன் கெட்டிக்காரன், தேய்க்க வேண்டியதை எல்லாம் தேய்த்துவிட்டுத்தான் விற்றிருக்கிறான். கார் வாங்கிய நாளிலிருந்து குளிர்கால டயரும் தகரச் சக்கர றிம்முமாக ஓடி எனக்கு அலுத்துவிட்டது. நல்ல காரைச் சாக்குப் போர்த்தி வைத்திருப்பது மாதிரி இருக்கிறது. புதிதாக நான்கு கோடை டயர் வாங்கப் போகிறேன்.

மனைவி சுகிர்தாவிடம் சொன்னேன். கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாக் காலத்துக்கும் பொதுவா ஒண்டு விக்கிறாங்களே, அதைப் போட்டா என்ன?" என்றாள்.

கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் ஒரே சட்டையைப் போடுவீரா என்று கேட்டேன். "வெள்ளைச் சட்டையெண்டா போடலாம்தானே," என்றாள். இந்த மனிசியோடு டயர் பேச ஏலாது.

மார்ச் 30

ஒரு வாரமாக வேறு வேலையே இல்லை. பாண் சுடுகிற தொழிற்சாலையில் மேற்பார்வை பார்க்கிற நேரத்திலும் போனில் டயர்தான் பார்க்கிறேன். மூன்றில் ஒன்று என்று வந்து நிற்கிறேன். ஜப்பான்காரனுடையது சத்தமில்லாதது, நீண்ட நாள் ஓடும், ஆனால் வளைவில் சோம்பல். ஜெர்மன்காரனுடையது மழை ஈரத்தில் நன்றாகப் பிடிக்குமாம். பிரெஞ்சுக்காரனுடையதில் பக்கச் சுவர் விறைப்பு, ஸ்டீயரிங்கைத் தொட்டாலே திரும்பும். காய்ந்த வீதியில் பிரேக் பிடித்தால் மற்ற இரண்டையும் விட ஒரு கார் நீளம் முன்னதாகவே நிற்கும் என்று சோதித்தவர்கள் படம் எடுத்தே போட்டிருக்கிறார்கள்.

நான் பந்தயத்துக்குப் போகிறவன் இல்லை. வீடு, வேலை, கோயில், மரக்கறிக் கடை, அவ்வளவுதான். ஆனாலும் நல்லது எது என்று தெரிந்த பிறகு அதற்குக் குறைந்ததை எப்படி வாங்குவது?

மூன்றிலுமே அடியில் ஒரு குறிப்பு இருக்கிறது. ஏழு டிகிரிக்குக் கீழே ரப்பர் இறுகிப் பிடிப்பு குறையுமாம், பயன்படுத்த வேண்டாமாம். வழக்குக்குப் பயந்து எழுதுவது. கோப்பிக் கோப்பையில் 'சூடாக இருக்கும்' என்று அச்சடிக்கிறவர்கள்தானே.

ஏப்ரல் 5

பிரெஞ்சுக்காரனுக்கே சொல்லிவிட்டேன். காரில் பூட்டுவதற்குக் கடைக்காரன் மே முதல் வாரம் நாள் தந்தான். எனக்குச் சித்திரை ஒன்றுதான் வேண்டும் என்றேன். புது வருஷத்தில் சுபநேரம் பார்த்துப் பூட்டி, நேரே கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்விக்க வேண்டும். அதற்கு முதல்நாள் மாலை ஓர் இடம் இருக்கிறது என்றான். சரி, பூட்டிவிட்டு ஓட்டாமல் வைத்திருந்து, சுபநேரத்தில் உருட்டினால் போயிற்று.

சுகிர்தாவின் சின்னக் காருக்கும் மாற்ற வேண்டும். அதற்கு மே கடைசியில் பார்க்கலாம். காலையில் இன்னும் குளிர்தானே.

ஏப்ரல் 14

புது வருஷம். தலையில் மருத்துநீர் வைத்து முழுகி, கைவிசேஷக் காசு கொடுத்து, பஞ்சாங்கத்தில் போட்ட நேரத்துக்குக் காரை எடுத்தோம். சுகிர்தா முன்னால், மகள் ஆரணி பின்னால். ஆரணி பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். அப்பாவின் காரில் போக இந்த ஒரு நாள்தான் அவளுக்கு வெட்கமில்லை.

கோயில் வாகனத் தரிப்பிடத்தில் எங்களுக்கு முன்னால் பெரிய வரிசை. ஐயர் வேட்டிக்கு மேலே குளிர்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, நான்கு டயருக்குக் கீழும் ஒவ்வொரு தேசிக்காய் வைத்து, மெதுவாக முன்னால் எடுக்கும்படி சொன்னார். தேசிக்காய் நசிந்த சத்தம் எனக்குள் கேட்டது. நல்ல வெயில்.

"காலமையில நான் இன்னும் கண்ணாடியில பனி சுரண்டிக்கொண்டுதான் வேலைக்குப் போறன்," என்றாள் சுகிர்தா வரும் வழியில். "கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

"சித்திரை பிறந்திட்டுது. இனிக் கோடைதான்," என்றேன்.

"அது யாழ்ப்பாணத்துக்கு," என்றாள் ஆரணி பின்னாலிருந்து. எல்லோரும் சிரித்தோம்.

ஏப்ரல் 17

நெடுஞ்சாலையில் இருந்து இறங்கும் வளைவில் இன்று கார் தண்டவாளத்தில் போவது போலப் போனது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் தேவையா என்று கேட்டால், தேவைதான்.

ஏப்ரல் 22

சுகிர்தாவுக்கு விபத்து. உயிருக்கு ஒன்றுமில்லை. வலது மணிக்கட்டு முறிந்திருக்கிறது. வைத்தியசாலையிலிருந்து இப்போதுதான் வந்தோம். பிறகு எழுதுகிறேன்.

ஏப்ரல் 23

நேற்றுக் காலை நீலக் காரை அவள்தான் ஓட்டினாள். அவளுடைய காருக்கு எண்ணெய் மாற்ற வேண்டியிருந்தது. வேலை முடிந்து வரும் வழியில் மாற்றலாம் என்று அதை நான் எடுத்துப் போயிருந்தேன்.

அவள் முதியவர்களின் வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, சாப்பாடு சூடாக்கிக் கொடுக்கிற வேலை செய்கிறாள். கார் இல்லாமல் அந்த வேலை இல்லை. கார் ஓட்டப் பரீட்சையில் பல தடவை விழுந்து, விடாமல் போய், கடைசியில் பாஸ் பண்ணிய அன்று கேக் வாங்கி வந்து அயல்வீட்டுக்காரர் எல்லோருக்கும் கொடுத்தவள். அதற்குப் பிறகு ஒரு கீறல்கூட இல்லை.

மெக்கோவன் வீதியில் சிவப்பு விளக்கைக் கண்டு பிரேக் பிடித்திருக்கிறாள். கார் நிற்கவில்லையாம். நடைபாதையில் ஏறிப் பேருந்துத் தரிப்பிடத் தூணில் மோதியது. அங்கே ஒரு சீனத்துக் கிழவர் நின்றிருக்கிறார். தரிப்பிடக் கண்ணாடி நொறுங்கி அவருடைய காலடியில் விழுந்ததாம். அவருக்குக் காயமில்லை.

"பிரேக் காலுக்குக் கீழ படபடவெண்டு அடிச்சுது. கார் தன்ர பாட்டில போகுது. அந்தாள் என்னையே பாக்குது," என்றாள். பிறகு, "நான் என்னப்பா பிழை விட்டனான்?" என்று கேட்டாள்.

"பதட்டத்தில ரெண்டு பெடலையும் சேர்த்து மிதிச்சிருப்பீர்," என்றேன்.

அவள் யோசித்துப் பார்த்தாள். "அப்பிடித்தான் இருக்கும்," என்றாள்.

ஏப்ரல் 26

காப்புறுதிக் கம்பெனிக்காரர் போன் எடுத்தார். பிரேக் எப்போது பார்த்தது என்றார். போன வருடக் கடைசியில் என்றேன். டயர் எப்படி என்றார். புத்தம் புதிது, பூட்டி இரண்டு கிழமைகூட ஆகவில்லை என்றேன். நல்லது என்றார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

பிழை சாரதியுடையது என்று பதிந்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 30

சாப்பாட்டு மேசையில் ஆரணி, "அம்மாவுக்கு இனி பஸ் பாஸ்தான். பஸ் தரிப்பிடம் எங்க இருக்கெண்டும் தெரிஞ்சிட்டுதே," என்றாள். பிள்ளை பகிடிக்குத்தான் சொன்னது. சுகிர்தாவும் இடது கையால் சோற்றைப் பிசைந்தபடி சிரித்தாள். சிரித்துவிட்டு எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

நான் ஆரணியை அதட்டினேன். ஏன் அப்படிக் கத்தினேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. விபத்து நடந்த அன்று காலை என்ன குளிர் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மே 8

திருத்தி முடித்து நீலக் கார் வந்துவிட்டது. முன்பக்கம் புதிது. டயர் நான்கிலும் ஒரு கீறல் இல்லை. வீதியில் போகிற யாரோ ஒரு பெடியன் நின்று பார்த்து, நல்ல டயர் என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனான். நான் கராஜ் கதவை இழுத்து மூடினேன்.

மே 11

சுகிர்தா மனேஜருக்குப் போன் எடுத்து, கை சுகமானாலும் இனி வீடுகளுக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். முதியோர் இல்லம் ஒன்றில் துணி தோய்க்கிற வேலை இருக்கிறதாம், பேருந்தில் போகலாமாம். நான் கொஞ்சம் பொறும் என்றேன்.

"வேண்டாமப்பா. அண்டைக்கு அந்தாள் ஓரடி முன்னால நிண்டிருந்தா நான் கொலைகாரி," என்றாள்.

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்ல வந்தது வேறு. வெளியே வந்தது, "தேத்தண்ணி போடட்டே?" என்பதுதான். இப்படி ஒரு கோழை எனக்குள் இருக்கிறான் என்று இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாது. தெரியாதது போல இருந்தேனோ என்னவோ.

மே 14

அந்தக் கிழவரைக் கண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சுகிர்தா பிடிவாதம். பேருந்துத் தரிப்பிடத்துக்குக் கூட்டிப் போனேன். தோடம்பழப் பையை நான் வைத்திருந்தேன். புதுக் கண்ணாடி போட்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் கடைச் சாமான் தள்ளுவண்டியோடு வந்தார். சுகிர்தா கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எல்லாம் என்னுடைய பிழை, என்னை மன்னித்துவிடுங்கள் என்றாள். சொல்லும்போது உடம்பை வளைத்துக் குனிந்தாள். அவள் கோயிலில்கூட இப்படிக் குனிந்ததை நான் கண்டதில்லை.

கிழவர் பதறிப்போய் அவளுடைய தோளைத் தொட்டு நிமிர்த்தினார். தன் மொழியில் ஏதோ சொன்னார். என்னையும் பார்த்துச் சிரித்தார், நல்ல மனிசி என்பது போல. நான் பழப்பையை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வரும் வழியில் சுகிர்தா மனது லேசாகிவிட்டது என்றாள். நான் வானொலியைப் போட்டேன்.

மே 20

ஒன்றும் இல்லை. மழை.

மே 26

எழுத விருப்பமில்லை. ஆனால் எழுதாமல் விட்டால் நாளைக்கு இதையும் வேறு மாதிரி மாற்றி வைத்துவிடுவேன்.

சுகிர்தாவின் அண்ணன் குலேந்திரன் வீட்டில் பகல் சாப்பாடு. ஆட்டிறைச்சிக் கறி, புட்டு, பத்துப் பன்னிரண்டு சனம். குலேந்திரன் புதிதாக ஒரு வேகக் கார் வாங்கியிருக்கிறார். எல்லோரையும் முற்றத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். டயர் என்ன போடுவது என்று என்னைக் கேட்டார். எங்கள் ஆட்களுக்குள் டயர் என்றால் என்னைத்தான் கேட்பார்கள்.

ஒரு மாதமாக நான் வாய் திறக்காத விஷயம். கேட்டதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. பக்கச் சுவர், வேகக் குறியீடு, தண்ணீரை வெளியே தள்ளுகிற கோடுகள், எல்லாம் சொன்னேன். நாலு பேர் சுற்றி நின்று கேட்கிறார்கள் என்றால் எனக்குக் கண் தெரியாது.

"ஒண்டு மட்டும் கவனம் மச்சான்," என்றேன். "இதுகளை மே மாசத்துக்கு முந்திப் போட்டிடாதேங்கோ. ஏழு டிகிரிக்குக் கீழ போச்சுதெண்டா ரப்பர் மரக்கட்டை மாதிரி. பிரேக் படபடவெண்டு அடிக்கும், கார் நிக்காது. எப்பேர்ப்பட்ட சாரதியும் ஒண்டும் செய்ய ஏலாது."

சொல்லி முடித்தபோதுதான் சுகிர்தா எனக்குப் பின்னால் நிற்பதைக் கண்டேன். இடது கையில் எனக்கென்று கொண்டுவந்த வட்டிலாப்ப இனிப்புக் கிண்ணம்.

குலேந்திரன் மோட்டுத்தனமான ஆள் இல்லை. கணக்குப் போட்டுவிட்டார். "அப்ப சுகியின்ர ஆக்சிடென்ட்? நீங்கள் புது வருஷத்துக்கெல்லோ டயர் போட்டனீங்கள்?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என்னுடைய முகத்தில் எறும்பு ஊர்வது போல இருந்தது.

"சீ, அது நான் ரெண்டு பெடலையும் மிதிச்சது அண்ணா," என்றாள் சுகிர்தா. "அண்டைக்கு நல்ல வெயில். டயரில ஒரு பிழையும் இல்லை." கிண்ணத்தை என்னுடைய கையில் தந்தாள். "சாப்பிடுங்கோ."

எல்லோருக்கும் முன்னால், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அதை முழுவதும் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்துக்கூடக் கழற்றாமல் மாடிப்படியில் இருந்தாள். ஏசுவாள் என்று காத்து நின்றேன். ஏசினால் நல்லது என்று இருந்தது.

"அப்ப நான் சரியாத்தான் பிரேக் பிடிச்சனான், என்ன?"

"ஓம்," என்றேன்.

"ரெண்டு பெடலையும் மிதிக்கேல்லை."

"இல்லை."

அவள் அழுதாள். இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு, விக்கி விக்கி. அது கோபத்தில் வந்த அழுகை இல்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. முகத்தைத் துடைத்துவிட்டு, "ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?" என்றாள். நான் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தேன். அவளே ஒரு பதிலைக் கண்டுபிடித்துத் தந்தாள். "பயந்திட்டியள். விடுங்கோ. டயர் குளிருக்கு நிக்காதெண்டு தெரியாமத்தானே என்னட்டைக் காரைத் தந்தனீங்கள்."

"ஓம்," என்றேன் மறுபடியும்.

மே 27

வேலைக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

மே 31

ஆரணியிடம் அம்மாவின் பிழை இல்லை, டயர்தான் என்று நானே சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். அம்மாவைப் போய்க் கட்டிப்பிடித்தாள்.

சுகிர்தா மனேஜருக்குத் திரும்பவும் போன் எடுத்து வீட்டுச் சேவைக்கே வருகிறேன் என்றாள். அடுத்த மாதம் கட்டு அவிழ்த்ததும் தொடங்கலாமாம். போன் வைத்த பிறகு சமையலறையில் அவள் பாடியது கேட்டது. அவள் பாடி எத்தனையோ நாளாயிற்று.

ஜூன் 3

சுகிர்தாவின் காருக்கு இன்றுதான் எண்ணெய் மாற்றினேன். அப்படியே டயரையும் மாற்றுவித்தேன். "எண்ணெய் அண்டைக்கே மாத்தினதெல்லோ?" என்றாள் ஆரணி. அன்றைக்குக் கடை பூட்டியிருந்தது என்றேன்.

ஜூன் 17

கட்டு அவிழ்த்துவிட்டார்கள். டாக்டர் கையை மடக்கி நிமிர்த்திப் பார்த்து ஓட்டலாம் என்றார். சுகிர்தா பின்னேரம் தன் காரை எடுத்து, வீட்டைச் சுற்றியுள்ள வீதிகளில் மெதுவாக ஓட்டிவிட்டு வந்தாள். ஆரணி பக்கத்தில் இருந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாததில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. நான் பக்கத்தில் இருந்தால் தனக்குப் பதறும் என்றாள்.

ஜூன் 20

இன்று காலை சுகிர்தா வேலைக்குப் புறப்பட்டாள். விபத்துக்குப் பிறகு முதல் நாள். நெற்றியில் விபூதி, தோளில் பை. வாசலில் ஆரணி என்னைப் பார்த்து ஏதோ குத்தலாகச் சொல்ல, சுகிர்தா அவளை அடக்கினாள். "சும்மா இரு பிள்ளை. அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா என்னட்டைத் தந்திருப்பாரே? பாவம், அவரும் எவ்வளவு கவலைப்பட்டவர்."

ஆரணி உள்ளே போய்விட்டாள். நான் சுகிர்தாவுக்குப் பின்னால் காரடிக்குப் போனேன். செருப்பில்லாமல் போயிருக்கிறேன் என்று பிறகுதான் கண்டேன்.

"சுகிர்தா, அண்டைக்கு எனக்குத் தெரியும்," என்றேன்.

கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

சொன்னேன். அன்று காலை இரண்டு காரின் கண்ணாடியும் உறைபனியில் வெள்ளையாக இருந்தது. போனில் பார்த்தேன், மைனஸ் இரண்டு. நான் நெடுஞ்சாலையில் நூறில் போக வேண்டும். அந்த டயரில் எனக்குப் பயமாக இருந்தது. அவளுடைய காரில் குளிர்கால டயர் இருந்தது. அதற்காகத்தான் அதை எடுத்தேன். எண்ணெய் மாற்றுகிற கதை அவளை எழுப்பித் கார்த் திறப்பு மாற்றுவதற்காகச் சொன்னது. நீலக் காரின் கண்ணாடியைச் சுரண்டித் துடைத்து, சூடாக்கி வைத்துவிட்டுத்தான் போனேன். அன்று எவ்வளவு கரிசனை என்று அவள் எனக்கு நன்றிகூடச் சொன்னாள்.

அவள் கதவைப் பிடித்தபடி கேட்டாள். கடைசியில் மட்டும், "அப்ப எனக்கேன் தந்தனீங்கள்?" என்றாள். சத்தம் போடவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"நீர் மெதுவாத்தானே ஓடுவீர், ஒண்டும் நடக்காது எண்டு நினைச்சிட்டன்."

அவள் பையை மற்ற இருக்கையில் வைத்தாள்.

"மெதுவாத்தான் ஓடினன்," என்றாள்.

ஏறி இருந்து இருக்கைப் பட்டியைப் போட்டாள். கண்ணாடிகளை ஒவ்வொன்றாகச் சரி பார்த்தாள். பின்னால் எடுக்கும்போது நான் வழியில் நிற்கிறேன் என்று கண்டு, விலகச் சொல்லிக் கையைக் காட்டினாள். விலகினேன். தெரு முனையில் சிக்னல் போட்டு நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, திரும்பிப் போனாள்.